வாரேன் என்றால் போகிறேன்

உலகத்திலேயே மிகக் கடுமையான குடியேற்றச் சோதனை எங்கே நடக்கிறது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: புனேயில், வானவடியில், எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில். அங்கே பாஸ்போர்ட்டைப் பார்க்க மாட்டார்கள். முகத்தைத்தான் பார்ப்பார்கள். பார்ப்பவர் ஆபீசர் ஆன்ட்டி.

அவர் ஆபீசர் இல்லை. கண்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். விமானத்தில் ஏறியதே கிடையாது. லோணாவளாவைத் தாண்டினாலே காது அடைக்கிறது என்பார். ஆனால் எங்கள் கட்டடத்திலிருந்து வெளிநாடு போன ஒவ்வொருவரும் முதலில் அவருடைய கவுண்டரைத் தாண்டித்தான் போனார்கள். அதற்குப் பிறகு விமான நிலையத்தில் நடப்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம். அவருடைய தங்கை மகள், வெளிநாட்டில் இருந்த தன் புருஷனைப் பார்க்கப் போன இடத்தில், கவுண்டரில் கேட்ட முதல் கேள்விக்கே அழுதுவிட்டாளாம். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி நமக்குத் தெரிந்த எவரும் கவுண்டரில் அழக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தவர், அன்றிலிருந்து எங்களை வீட்டிலேயே அழவிட்டார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி.

என் மனைவி சுமதியை அவளுடைய கம்பெனி டொராண்டோவுக்கு அனுப்பியது. போனவள் அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதியும் வாங்கிவிட்டாள். இனி அவள் எனக்காக விண்ணப்பிக்க வேண்டும். அது எப்போது முடியும் என்பது கடவுளுக்கும் அந்த இலாகாவுக்கும் மட்டுமே தெரியும்.

"அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க," என்றாள் போனில். "இந்த ஊரு உங்களுக்கு ஆகுதான்னு தெரியோணுமல்ல. சாப்பிடற மேசைக்கு ஒரே ஒரு நாற்காலிதான் வாங்கிப் போட்டிருக்கறன். ரெண்டாவது வாங்கறதா வேண்டாமான்னு நீங்க வந்துதான் சொல்லோணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சுமதி ஒரு டம்ளர் வாங்கப் போனால் அரை டஜனாக வாங்கி வருகிறவள். அவள் ஒற்றை நாற்காலி வாங்கியிருக்கிறாள் என்றதும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விசிட்டர் விசா கிடைத்துவிட்டது. ஆனால் விசா என்பது வாசல்படி வரைக்கும்தானாம். உள்ளே விடுவதும் விடாததும் அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் இஷ்டம். இதை எனக்குச் சொன்னவர்கள் என் ஆபீஸ் நண்பர்கள். சொன்னதோடு நிற்கவில்லை. "பொண்டாட்டி அங்க இருக்கான்னு வாயத் திறந்தீங்க, பார்சல்தான் சார். நயாகரா பாக்க வந்தேன்னு மட்டும் சொல்லுங்க," என்றார் ஒருவர். இன்னொருவர், "பின்னால அப்ளை பண்ணப் போறோம்னு சொல்லவே சொல்லாதீங்க," என்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆபத்து என் வாயில் இருந்தது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும். எனக்கு ஜோக் வரும். விசாவுக்குக் கைரேகை எடுக்கப் போன இடத்தில், "பத்து விரலையும் வைங்க," என்றார்கள். "திருப்பிக் குடுத்துருவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. சுமதியிடம் சொன்னேன். அவளும் சிரிக்கவில்லை.

"இங்கத்த ஆபீசர்கிட்ட இப்படிப் பேசினீங்கன்னா முடிஞ்சுது. மொதல்ல மூணாவது மாடி ஆன்ட்டியப் போய்ப் பாருங்க. அவங்கதான் உங்க வாயை ரிப்பேர் பண்ணுவாங்க."

ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி. சரி, வாரேன்," என்று வைத்துவிட்டார்.

வருகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? வீட்டைப் பெருக்கினேன். சோபாவின் மேல் மலைபோல் கிடந்த துணிகளைக் கட்டிலுக்கு மாற்றினேன். வீடியோ பார்த்து வடை சுட்டேன். அஞ்சு ஆனது, ஆறு ஆனது, வடை கல்லானது. மறுநாள் லிப்டில் பிடித்தார்.

"என்ன தம்பி, நேத்து நான் பாட்டுக்குக் காத்துக்கிட்டே இருந்தேன். ஏன் வரல?"

"நீங்கதானுங்க ஆன்ட்டி வர்றேன்னு சொன்னீங்க."

"அரே, வாரேன்னா போறேன்னு அர்த்தம்லா. இந்த ஊர்ல கிளம்பறப்ப எவனாவது 'ஜாதோ'ம்பானா? 'யேதோ'ம்பான். போறேன்னு சொன்னா நல்லா இருக்காதுன்னு, வாரேன்னு சொல்லிட்டுப் போவான். நான் இங்க பொறந்தவ. எனக்கும் அதே பழக்கம்."

எங்கள் கோயம்புத்தூரிலும் 'போய்ட்டு வர்றேனுங்க' என்றுதான் சொல்வோம். ஆன்ட்டி அதில் பாதியை மராத்திக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்து, மீதியை மட்டும் வைத்திருந்தார். பயிற்சி தொடங்கும் முன்பே நான் ஒரு தேர்வில் தோற்றிருந்தேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் இஸ்திரி மேசைதான் கவுண்டர். அதன் பின்னால் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி ஆன்ட்டி நிற்பார். எனக்கு முன்னால் வரிசையில் நிற்பதற்கு அவருடைய கணவர், அங்கிள். கையில் பையோடு நிற்க வேண்டும் என்பது உத்தரவு. "முன்னால ஆளு இருந்தாத்தான் வயித்தக் கலக்கும்," என்பது ஆன்ட்டியின் சித்தாந்தம். அங்கிளை விசாரித்து முடித்த பிறகுதான் என் முறை. பாவம், அவர் தினமும் ஒரு நாட்டுக்குக் கிளம்பி, தினமும் சமையலறை வரைக்கும் போய்ச் சேர்ந்தார்.

மேசையின் மேல் இரண்டு பாதி உருளைக்கிழங்கு இருக்கும். ஒன்றைச் சதுரமாக வெட்டியிருப்பார், மற்றதை வட்டமாக. சதுரத்துக்கு பீட்ரூட் சாறு. வட்டத்துக்குக் கொத்தமல்லிச் சாறு. சிவப்புச் சதுரம் உள்ளங்கையில் விழுந்தால் திருப்பி அனுப்பப்பட்டாய் என்று பொருள். பச்சை வட்டம் விழுந்தால் உள்ளே போகலாம். எனக்குப் பச்சை விழவே இல்லை. சிவப்புக் கையோடு ஆபீசுக்குப் போனேன். நான் தோற்ற நாட்களில் எல்லாம், பயன்படாமல் மிஞ்சிய வட்டக் கிழங்கு அங்கிளுக்கு வறுவலாகக் கிடைத்தது. பிறகு அவர் வரிசையில் நிற்கும்போதே என்னைப் பார்த்து அன்போடு புன்னகை செய்யத் தொடங்கினார்.

கூடத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆன்ட்டிக்கு உலகமே கவுண்டர். காய்கறி வண்டியருகே நான் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "வாட் இஸ் தி பர்பஸ் ஆஃப் யுவர் விசிட்?" நான் வெந்தயக்கீரைக் கட்டோடு திடுக்கிட்டு, "மேத்தி," என்பேன். கொஞ்ச நாளில் காய்கறிக்காரரே, "கிதி திவஸ் ராஹணார், சாஹேப்?" என்று, எத்தனை நாள் தங்குவீர்கள் எனக் கேட்ட பிறகுதான் தராசைத் தொட்டார். ஒரு நாள் சிக்னலில் என் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட் கண்ணாடி மேலே போனது. உள்ளே ஆன்ட்டி. "ஹூ இஸ் பேயிங் ஃபார் யுவர் ட்ரிப்?" பச்சை விளக்கு விழுந்துவிட்டது. பின்னால் மொத்த வானவடியும் ஹாரன் அடித்தது. நான் பதில் சொல்லும் வரை அவர் ஸ்கூட்டரை அசைக்கவில்லை. ராணுவ லாரி ஒன்றும் காத்திருந்தது. அந்த டிரைவர் அவரைப் பார்த்த பார்வையில் நான் கண்டது கோபம் இல்லை, மரியாதை.

ஆபீஸ் நண்பர்களின் உபதேசத்தை ஒரு நாள் கவுண்டரில் பரிசோதித்துப் பார்த்தேன்.

"எதுக்கு வந்திய?"

"நயாகரா பாக்கறதுக்குங்க."

"பொண்டாட்டி எங்க?"

"அவளும்... அந்தப் பக்கமாத்தான் எங்கியோ இருக்கறா."

பீட்ரூட் சதுரம் இறங்கிய வேகத்தில் இஸ்திரி மேசை மடங்கிவிட்டது.

"கட்டுன பொண்டாட்டியப் பாக்கப் போறதுல என்ன வெக்கம்? பின்னால அப்ளை பண்ணுவோம், இப்ப பாத்துட்டுத் திரும்பிருவேன். ரெண்டும் நெஜந்தான? ரெண்டையும் சொல்லுங்க. பொய் சொன்னா என் கவுண்டர்லயே விட மாட்டேன், அவன் எப்படி விடுவான்?"

சரி என்று இரண்டையும் சொன்னேன். முதல் பாதி நன்றாக வந்தது. 'திரும்பிருவேன்' என்கிற இடத்தில் மட்டும் குரல் பிசிறியது. உடனே ஜோக் வந்தது: "அவ சமையலைப் பொறுத்ததுங்க."

ஆன்ட்டி முத்திரையை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"திரும்பி வர இஷ்டம் இல்ல. அதான?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இங்க என்ன இருக்கு உங்களுக்கு? எதுக்குத் திரும்பி வருவிய?"

"வேலை இருக்குங்க. பிளாட் இருக்கு. பி.எஃப். இருக்கு."

"பி.எஃபைப் பாக்க எவனாவது ஓடி வருவானா? யோசிச்சு வச்சுக்கோங்க. அவன் அதத்தான் கேப்பான்."

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கிளம்பும் நாள் காலையிலும் கிடைக்கவில்லை. கடைசியாக ஒரு முறை சிவப்புச் சதுரத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்தேன். மும்பை போகும் டாக்ஸியில் ஏறும்போது, "போய்ட்டு வர்றேனுங்க ஆன்ட்டி," என்றேன்.

"இப்ப மட்டும் குரல் நடுங்கலயே," என்றார்.

டொராண்டோ விமான நிலையத்தில் நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் அங்கிள் இல்லாதது பெரிய குறையாக இருந்தது. கவுண்டரில் இருந்தவர் ஆறடிக்கு மேல் உயரம். மார்பு வரை தாடி. எதற்கு வந்தாய் என்றார். மனைவியைப் பார்க்க என்றேன். அவள் இங்கேயா இருக்கிறாள் என்றார். ஆமாம், பின்னால் எனக்காக விண்ணப்பிப்பாள், இப்போது பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்றேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது மாடிப் பார்வை.

"நிச்சயம் திரும்பிப் போவீர்களா?"

ஜோக்குக்காக வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எஸ், ஆன்ட்டி."

அந்தத் தாடி கவுண்டரின் மேல் முன்னால் சாய்ந்தது. "யார் ஆன்ட்டி?" என்றார்.

சுமதி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பாள். வீட்டில் ஒற்றை நாற்காலி. எல்லாம் ஒரு வார்த்தையில் போயிற்று என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் நிஜத்தைச் சொன்னேன். ஆன்ட்டி என் அண்டை வீட்டுக்காரர். உங்கள் வேலையை அவர் என் ஊரில் சம்பளம் இல்லாமல் செய்கிறார். நான் திரும்பி வருவேன் என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. என் சாவி அவரிடம் இருக்கிறது. நான் அவரிடம் இன்னும் பாஸாகவில்லை. அதனால் போய்த்தான் ஆக வேண்டும். சொல்லிவிட்டு, சாட்சிக்கு உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். மங்கிய சிவப்பில் ஒரு சதுரம்.

அவர் எட்டிப் பார்த்தார். "பீட்ரூட்டா?"

"ஆமாம்."

"ரொம்பக் கண்டிப்பானவர் போல," என்று பாஸ்போர்ட்டில் முத்திரையைக் குத்தினார்.

வெளியே சுமதி கேட்ட முதல் கேள்வி, "ஜோக்கு எதும் அடிக்கலியே?" என்பதுதான். மறுநாளே கடைக்குப் போனோம். அங்கிருந்த அத்தனை நாற்காலியிலும் என்னை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கினாள். ஊர் எனக்கு ஆகிறதா என்று அவள் கேட்கவே இல்லை. கிளம்புகிற நாளில் எனக்குத் திரும்பி வர இஷ்டம் இல்லைதான். ஆனாலும் வந்தேன். வந்து, பெட்டியோடு நேராக மூன்றாவது மாடியில் போய் மணியடித்தேன்.

நடந்ததைச் சொன்னேன். "என்னைய எதுக்கு அங்க இழுத்திய?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு உள்ளே போனவர், வட்ட உருளைக்கிழங்கோடு வந்தார். கையைப் பிடித்து, அழுத்தி, பச்சையாக ஒன்று வைத்தார். "திரும்பி வந்தாத்தான் பாஸ்," என்றார். அங்கிள் முகத்தில் மட்டும் லேசான ஏமாற்றம்.

பிறகு விண்ணப்பித்தோம். காத்திருந்தோம். அனுமதி வந்தது. இந்த முறை விசிட் இல்லை. வேலையை விட்டாயிற்று, பிளாட்டை விற்றாயிற்று. கிளம்பும் நாளில் மூன்றாவது மாடி வாசலில் நின்றபோது எனக்கு ஒரு சிக்கல். 'போய்ட்டு வர்றேன்' என்று சொன்னால் அது பொய். அந்த வீட்டில் பொய் செல்லாது. 'போறேன்' என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"வாரேன், ஆன்ட்டி."

ஆன்ட்டி உள்ளே போனார். திரும்பி வந்து என் வலது கையைப் பிடித்து விரித்து, சிவப்புச் சதுரத்தை வைத்து அழுத்தினார். நாட்டை விட்டுப் போக எனக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது.

அன்று விமானத்தில் சாப்பாடு வந்தபோது, வலது கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டேன்.