ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பும் எங்கள் வீட்டுச் சமையலறையும்

மரக்காணம்,
2005 ஜூன், செவ்வாய்க்கிழமை.

இடையஞ்சாவடி மச்சான் பஞ்சநாதன் அவர்களுக்கு, மளிகைக்கடை தேவநாதன் வணக்கம் சொல்லி எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் தங்கை விஜயா முந்தாநாள் கோபித்துக்கொண்டு அங்கே பஸ் ஏறியதிலிருந்து ஓட்டலில் சாப்பிடுகிறேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்ததை விஜயா ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். நான் நடந்த வரிசையில் சொல்கிறேன். தப்பு என்மேல் இல்லை, வியாபாரிகள் சங்கத்தின்மேல். மருந்துக்கடை தவிர எல்லாக் கடைகளும் இனி ஞாயிற்றுக்கிழமை அடைப்பு என்று போன மாதம் தீர்மானம் போட்டார்கள். "வியாபாரியும் மனுசன்தாம்பா, வாரத்துல ஒரு நாள் பொண்டாட்டி புள்ளைங்களோட இருக்க வேணாமா?" என்றார் தலைவர் கலியன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஒருவன்தான் எழுந்து, "தலைவரே, உப்பளத்துக்காரங்க சனிக்கெழம சாயங்காலம் கூலி வாங்கிட்டு ஞாயித்துக்கெழமதான் சாமான் வாங்க வர்றாங்க. அவங்க எங்க போவாங்க?" என்று கேட்டேன். "நீ ஒக்காருப்பா. ஒனக்கு வீட்டுக்குப் போக பயம்" என்றார். சபை சிரித்தது. அவர் சொன்னது உண்மை என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

கல்யாணமான நாளிலிருந்து தீபாவளி, பொங்கல் தவிரப் பகலில் நான் வீட்டில் இருந்ததில்லை. முதல் ஞாயிறு விஜயா ஆசையாக வஞ்சிரம் வறுத்து, எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். மறுசோறு போட வந்தவளிடம் கடைப் பழக்கத்தில், "வேற என்னங்க வேணும்?" என்று கேட்டுவிட்டேன். "அத நான்தானே கேக்கணும்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எழுந்து படுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. மூன்று மணிக்கு, டீக்கடைப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி வாசலைப் பார்த்து, "டேய், ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்று கத்தினேன். டீ வந்தது. கொண்டுவந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் துணி துவைக்கப் போன நேரத்தில், சும்மா இருப்பானேன் என்று சமையலறையை ஒழுங்குபடுத்தினேன். வேகமாகப் போகிற சரக்கு கைக்கெட்டும் உயரத்தில், மெதுவாகப் போகிற சரக்கு மேல் தட்டில் என்பது கடைக் கணக்கு. கடுகு மெதுவாகப் போகிற சரக்கு என்பது என் எண்ணம். ஒரு தாளிப்புக்கு அரைக் கரண்டிதானே. ஒவ்வொரு தாளிப்புக்கும் அது வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. எண்ணெய் புகைந்துகொண்டிருக்க, "கடுகு எங்க?" என்று உள்ளேயிருந்து சத்தம். "மேல் தட்டுல, வசம்புக்குப் பின்னாடி" என்றேன். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். அன்று குழம்பில் கருகிய வாசனை வந்ததை நான் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாவது ஞாயிறுதான் மோசம். விஜயா கோயிலுக்குப் போயிருந்தாள். அளத்தில் உப்பு வாரும் குப்பம்மாள் கொல்லைக் கதவைத் தட்டி, "ஏம்பா தேவநாதா, எங்க வயித்துக்கும் ஒங்க சங்கத்துல லீவு வுட்டுட்டீங்களா?" என்று கேட்டது. கடையைத் திறக்கக் கூடாது என்பதுதானே தீர்மானம், வீட்டைப் பற்றி ஒன்றுமில்லையே என்று சமையலறையிலிருந்தே பருப்பும் புளியும் அளந்து கொடுத்தேன். குப்பம்மாள் போய் அளத்தில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டது. விஜயா திரும்பி வந்தபோது கொல்லையில் வரிசை நின்றது. நான் அவளுடைய துவரம்பருப்பு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். "நாளைக்குக் கடையிலேருந்து எடுத்து ரொப்பிடுறேன்" என்றேன். அவள் சத்தம் போடவில்லை.

"ஊருக்குக் கடைக்காரரு வேணுந்தான். எனக்கு வாரத்துல ஒரு நாள் வீட்டுக்காரரு கெடைப்பாருன்னு நெனச்சேன். அன்னிக்கும் கடைக்காரருதான் வந்து ஒக்காந்திருக்காரு" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே மச்சான், இந்தத் தீர்மானம் ரத்தாகும்வரை அவள் திரும்பி வந்தும் பயனில்லை. சங்கத்தில் மறுபடியும் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க விட்டால் நான் கடையில் இருப்பேன், கடுகு கடுகு இடத்தில் இருக்கும், அவளும் நிம்மதியாக இருப்பாள். நம் குடும்பத்துக்கு அதுதான் நல்லது என்று பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பிவையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உள்ள வேலைக்குப் போய், அன்றைக்கு வீட்டில் எப்படி இருப்பது என்றும் கற்றுக்கொள்ள என் ஆசிகள். விஜயாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
தேவநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் கலியன் வந்தார். "நீ சொன்னதுதாம்பா நாயம். வர்ற ஞாயித்துக்கெழமையிலேருந்து அவங்கவங்க இஷ்டம், தெறந்துக்க" என்றார். ஜெயித்தவன் சந்தோஷப்பட வேண்டும். நானோ, "இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப்போட முடியாதுங்களா?" என்று கேட்டேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். உப்பளத்துக்காரர்களுக்கு மற்றக் கடைகள் திறந்திருக்கும். என் கடை அன்று திறக்காது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் அங்கே வருகிறேன், கூனிமேட்டில் இறங்கி மீன் வாங்கிக்கொண்டு. விஜயாவிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் எனக்காக அடுப்பு மூட்டிவிடுவாள். அன்று குழம்பு நான்தான் வைப்பேன், அவள் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். எப்படி வந்தாலும் நீங்களும் அக்காவும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிடுங்கள்.