பதினொரு சன்னல்களில் காணாமல் போன ஓரடி

நான் கோயமுத்தூரில் கட்டடம் கட்டிக்கொண்டிருப்பதாக எங்கள் வீட்டில் நம்பினார்கள். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெள்ளகோவிலிலிருந்து என்னோடு பேருந்தில் வரும்போதெல்லாம், வழியில் எழும்பும் ஒவ்வொரு மாடியையும் காட்டி, "இதும் உன்ற கம்பெனியா கண்ணு?" என்று அப்பா கேட்பார். இல்லையென்றால் அவர் முகம் வாடும் என்பதால், சில கட்டடங்களை நான் ஏற்றுக்கொண்டேன். (அவற்றுள் ஒன்று பின்னர் விரிசல் விட்டது. அதற்கும் நானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.)

உண்மையில் நான் ஒரு சுவரும் கட்டியதில்லை. காந்திபுரத்தில் ஒரு பொறியாளரின் சிறிய அலுவலகத்தில் அளவுக் கணக்குப் பயிற்சியில் இருந்தேன். ஒரு வீட்டுக்குச் செங்கல் எத்தனை, மணல் எவ்வளவு, சுவர்ப்பூச்சு எத்தனை சதுர அடி, அதில் கதவு சன்னல்களுக்காகக் கழிக்க வேண்டியது எவ்வளவு என்று அளந்து எழுதுவதே வேலை. ஓராண்டு முடிவில் பொறியாளர் சார் வைத்துக்கொண்டால் வேலை, அனுப்பிவிட்டால் ஊர். ஊரில் தாராபுரத்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அம்மா அவர்களைவிடவும் ஆவலாகக் காத்திருந்தார்.

அலுவலகத்தில் தோலுறை போட்ட நூறடி டேப் ஒன்று இருந்தது. துணி நாடா. என்றோ அதன் முதல் அடி அறுந்துபோய், முனை வளையத்தை ஓரடிக் கோட்டிலேயே கட்டியிருந்தார்கள். ஆகவே டேப் ஐந்து என்றால் உண்மை நான்கு. இது தெரியாமல் முதல் நாள் நான் எழுதிய அளவுகளைப் பார்த்த சார், "ஏம்மா, கட்டடம் ஒரே நாள்ல வளந்துருச்சா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே குறிப்பேட்டின் அட்டையில் சிவப்பு மையால் எழுதினேன்: ஓரடி கழி. அடுத்த பத்து மாதங்கள் நான் கழிக்காமல் விட்ட ஓரடி கிடையாது.

பதினோராம் மாதத்தில் ஊர் நோம்பிக்காக (திருவிழாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நான்கு நாள் விடுப்பில் போனேன். அந்த நான்கு நாட்களுக்குள் சார் மனமிரங்கிப் புது நாடா வாங்கினார். சிக்கனக்காரர், பழைய தோலுறைக்குள்ளேயே அதைச் சுற்றி வைத்தார். மேஸ்திரி ராசு அண்ணனிடம் சொன்னார். அவர் என்னிடம் சொல்லியிருப்பார் என்று சாரும், சார் சொல்லியிருப்பார் என்று அவரும் நினைத்துக்கொண்டார்கள். அளக்கும்போது வளைய முனையைப் பிடிப்பவர் எப்போதும் ராசு அண்ணன். உறையைப் பிடித்து எண்ணை வாசிப்பவள் நான். நாடா சற்று வெள்ளையாக இருப்பது எனக்கும் தெரிந்தது. நோம்பிக்கு யாரோ துவைத்திருக்கிறார்கள் என்று எண்ணினேன்.

அப்போது காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்காரரின் வீட்டுவேலை நடந்துகொண்டிருந்தது. சன்னல் கம்பிகளுக்கு, அதாவது கிரில்களுக்கு, அளவெடுக்கச் சொன்னார் சார். பதினொரு மரச்சட்டங்களையும் அளந்தேன். நாலுக்கு நாலு என்றது டேப். மூன்றுக்கு மூன்று என்று எழுதினேன். வரைபடத்தை விரித்தால் அதில் நாலுக்கு நாலு.

புத்தியுள்ளவள் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பாள். நானும் யோசித்தேன். ராசு அண்ணன் எல்லாச் சன்னல்களையும் ஓரடி சிறிதாக வைத்துவிட்டார். வெளியே தெரிந்தால் அவர் பிழைப்புப் போய்விடும். மூன்று பிள்ளைகள் பெற்றவர். ஆகவே காட்டிக்கொடுப்பதில்லை என்று முடிவுசெய்து, மனத்துக்குள் அவரை முழுமையாக மன்னித்தேன். அவர் டீ வாங்கிவந்து நீட்டியபோது, "எல்லாஞ் செரியாப் போயிருமுங்கண்ணா" என்று ஆறுதலும் சொன்னேன். அவர் விழித்தார். (குற்றவுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.)

உக்கடத்தில் இரும்புப் பட்டறை வைத்திருந்த யூசுப் பாய் என் சீட்டை இரண்டு முறை படித்தார். மில்காரரின் மனைவி விரும்பியபடி ஒவ்வொரு சன்னலிலும் ஓர் இரும்பு மயில் வர வேண்டும்.

"மயிலு தோகை விரிக்க எடம் பத்தாதேம்மா. அளவு சரிதானா?"

"ஒரு நூல் மாறாதுங்க பாய்." (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நூல். கொத்தனார்களிடம் கற்ற சொல்லைப் பயன்படுத்தக் கிடைத்த வாய்ப்பை நான் விடுவதில்லை.)

"அப்ப தோகைய மடக்கிர்றேன்" என்றார் பாய்.

கம்பிகள் பொருத்தும் நாளன்று, மகள் கட்டும் வீட்டைப் பார்க்க அப்பா சலவை வேட்டியோடு வந்து இறங்கினார். அவரை முன்னறைக்குள் பெருமையாக நிற்க வைத்தேன். சாரும் மில்காரரும் வாசலில் நின்றார்கள். வெளியிலிருந்து இருவர் முதல் கம்பியைத் தூக்கிச் சன்னலில் வைத்தார்கள். அது அங்கே நிற்கவில்லை. சட்டத்தின் இரு பக்கங்களையும் தொடாமல், மிகுந்த மரியாதையோடு, சன்னல் வழியாக உள்ளே வந்தது. அப்பா இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.

"ஏங்கண்ணு, இதைய எங்க வெக்கோணும்?"

சார் டேப்பைக் கேட்டு வாங்கித் தாமே அளந்தார். நாலு. என் குறிப்பேட்டைப் பார்த்தார். மூணு. அட்டையைத் திருப்பினார். சிவப்பு மை.

"டேப்பு மாத்தி ஒரு மாசமாச்சேம்மா!"

வளைய முனையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தொலைந்துபோன முதல் அடி அங்கே புத்தம்புதிதாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. என் கண்முன் தாராபுரம் தெரிந்தது.

"சரி, படத்துல நாலுன்னு போட்டிருக்குதே, அதையாவது பாக்கலியா?"

பொய் சொல்லும் வலு எனக்கில்லை. "பாத்தேனுங்க சார். ராசு அண்ணன்தான் சின்னதா வெச்சுப்போட்டாருன்னு நெனச்சேன். காட்டிக்குடுக்க மனசு வல்லீங்க."

ராசு அண்ணன் கையிலிருந்த கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார். "அட சாமி! அன்னைக்கு எல்லாஞ் செரியாப் போயிரும்னது இதுக்குத்தானுங்களா? எனக்கு ஏதோ பெரிய சீக்கு, எல்லாரும் மறைக்கறாங்களாட்ட இருக்குதுன்னு ரெண்டு நாளு சோறு எறங்குலீங்க அம்மணி!"

முதலில் சிரித்தவர் மில்காரர். அவர் வயிறு குலுங்கியதைக் கண்டு கூலியாட்களும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்காமல், பதினொரு கம்பிகளையும் ஒவ்வொன்றாக அளந்தார். நான் தூணோடு தூணாக நின்றேன். கடைசிக் கம்பியை அளந்து முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"எல்லாம் சரியா ஓரடி கம்மி. ஒரு நூல் பெசகல. கழிக்கச் சொன்னா இப்பிடி விடாம கழிக்கற ஆளு கெடைக்கறது செரமமுங்க" என்றார் மில்காரரிடம். பிறகு என்னிடம், "கழிக்கறத நிறுத்தச் சொல்லோணும்னு எனக்குத்தான் தோணல. நாளையிலிருந்து வளையத்தை நீ புடிம்மா. இந்த வீட்ட முழுசா மறுக்கா அளக்கோணும்."

எனக்குக் கிடைத்த பணி உத்தரவு அவ்வளவுதான். சாந்துச் சட்டிகளுக்கு நடுவே மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதுவரை கம்பியைக் கீழே வைக்காத அப்பா அப்போது பேசினார். "ஏனுங், இந்தப் பதினொன்னையும் நானே எடுத்துக்கறனுங்க. மாட்டுச்சாளை கட்டோணும்னு இருந்தனுங்க. சன்னல் எத்தாச்சோடு பெருசு வெக்கோணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

யூசுப் பாய் மறுபடியும் பதினொன்று அடித்தார். இம்முறை மயில்கள் தோகை விரித்தன. தாராபுரத்து மாப்பிள்ளை வேறோர் இடத்தில் நலமாக வாழ்கிறார் என்று கேள்வி. (தப்பித்தவள் நான் மட்டுமல்ல.) எங்கள் ஊரில் மயில் வைத்த சன்னல் வழியே தெருவைப் பார்த்த மாடுகள் எங்கள் வீட்டு மாடுகள் மட்டுமே. இன்றும் நான் எதைச் சொன்னாலும் தம்பி, "அக்கா சொன்னா ஓரடி சேத்துக்கோணும்" என்பான். அவன் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அப்பா மட்டும் அந்தக் கேலியில் ஒருநாளும் சேர்ந்ததில்லை. யார் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: "எம்பட புள்ளை கம்பிய செரியாத்தான் அடிக்கச் சொல்லுச்சு. வூட்டத்தான் அவிங்க பெருசாக் கட்டிப்போட்டாங்க."

இப்போது அப்பா இல்லை. மாடுகளையும் கொடுத்துவிட்டோம். சாளையில் அம்மா தேங்காய் காயவைக்கிறார். தோகை மடக்கிய பதினொரு மயில்கள் காவலிருக்கின்றன.