மாளவிகா எல்லோரிடமும் கேட்டாள்

முடிவெடுக்கிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர். எடுக்காமலே காலத்தை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: அபிப்பிராயம் கேட்பவர்கள். இவர்களை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஹோட்டலில் உட்கார்ந்து மெனு கார்டை முன்னும் பின்னும் புரட்டி, சர்வரிடம் ‘எது நல்லா இருக்கும்?’ என்று கேட்டு, அவர் நெய்ரோஸ்ட் என்றதும் நம்பாமல் பக்கத்து மேஜைக்காரர் தட்டை எட்டிப் பார்த்து, வீட்டுக்குப் போன் போட்டுக் கலந்து பேசி, கடைசியில் எப்போதும் தின்கிற இரண்டு இட்லியையே தின்றுவிட்டு, கை கழுவும்போது ‘நெய்ரோஸ்டே சொல்லியிருக்கலாமோ?’ என்று உங்களிடம் கேட்பார்களே, அவர்கள்தான்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அபிப்பிராயம் கேட்பது முழுநேர உழைப்பு. யாரிடம் முதலில் கேட்பது, யாரை விட்டுவிட்டால் யார் கோபித்துக்கொள்வார், முதலாமவர் சொன்னதை இரண்டாமவரிடம் எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று அதில் ஆயிரம் நுணுக்கம் இருக்கிறது. சேர்ந்த அபிப்பிராயங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அடுத்தவரிடம் போய்ச் சொல்லி, அதைப் பற்றி அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். வேறென்ன?

மலையாளச் சீமையில் கரமனை அக்ரஹாரத்து மாளவிகா இந்த இனத்தில் உயர்ந்த ரகம். வயது இருபத்துநாலு. இளம் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய கவுன்சலர். அந்தத் தொழிலின் முதல் பாடமே, வருகிறவருக்கு இதைச் செய், அதைச் செய் என்று புத்தி சொல்லக் கூடாது, அவரவர் முடிவை அவரவரே எடுக்க உதவ வேண்டும் என்பதுதான். பயிற்சிக்காக ஆறு மாதம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி, நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் நன்மை அந்தப் பக்கம் தீமை என்று எழுதி, ‘மத்தவா என்ன சொல்லுவான்னு பார்க்காதீங்கோ, உங்க மனசு என்ன சொல்றதுன்னு கேளுங்கோ’ என்று வகுப்பெடுத்தவள். நன்றாகவே எடுத்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அப்பேர்ப்பட்ட மாளவிகாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை கிடைத்தது.

முதல் வேலை கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில். கல்லூரிப் பிள்ளைகள் போனில் கம்பெனியின் ஆப்பைத் திறந்து மனதில் உள்ளதைக் கொட்டுவார்கள். இவள் ஏசி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ஆளுக்கு நாற்பது நிமிஷம். நல்ல சம்பளம். இரண்டாவது வேலை ஒரு டிரஸ்ட்டில். பொன்முடி போகிற வழியில் நாலு பள்ளிக்கூடங்களுக்கு ஒரே கவுன்சலர், ஒரு வருஷ ஒப்பந்தம், பாதிச் சம்பளம். விடிவதற்குள் தம்பானூர் போய் பஸ் பிடிக்க வேண்டும்.

அந்த நாலில் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் மாளவிகா பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஜெபமலர் என்று பதினொன்றாம் வகுப்புப் பெண். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து வருகிறவள். ராத்திரியில் தூக்கம் கிடையாது, பகலில் சாப்பாடு இறங்காது. முன்பு வந்த இரண்டு கவுன்சலர்களும் ‘இந்தக் குட்டி பேசுவதில்லை’ என்று மலையாளத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். வகுப்பில் சினிமா முதல் பரீட்சை வரை எல்லாவற்றையும் மலையாளத்தில் பொரிந்து தள்ளுகிற பெண்தான்; ஆனால் வலிக்கிற விஷயம் அவளுக்குத் தமிழில்தான் வந்தது. மாளவிகா தமிழ் பேசினாள். நாலு மாதம் கழித்து ஜெபமலரும் பேசினாள். அதற்கப்புறம் தூங்கவும் ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவை எழுந்து போகும்போதும் வாசலில் நின்று, “அடுத்த மாசமும் நீங்கதான வருவீங்க மிஸ்?” என்று கேட்பாள். “பார்க்கலாம்மா” என்பாள் மாளவிகா.

முடிவெடுக்க இதுவே போதாதா? எனக்கும் உங்களுக்கும் போதும். அபிப்பிராயம் கேட்பவர்களுக்கு எப்படிப் போதும்?

வேலையை வீட்டிலிருந்து தொடங்கினாள். அப்பா பஞ்சாபகேசன் செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசர். பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

“ரெண்டும் பெர்மனென்ட் இல்லையாக்கும்?”

“இல்லேப்பா.”

“பின்னெ அதெல்லாம் என்ன ஜோலி? பி.எஸ்.சி. பரீட்சை எழுது, கவர்மென்ட் ஜோலி கிடைக்கும்.”

அம்மா சீதாலக்ஷ்மி கொஞ்சம் ஆழமாக யோசித்தாள். “உச்சைக்கு ஒக்காந்து சாதம் சாப்பிட எதிலே நேரம் கிடைக்கும், அதைப் பாரு. மலைக்குப் போனா டிபன் பாக்ஸ்லே எல்லாம் ஆறிப் போகும், கேட்டயோ? ஆனா கழக்கூட்டத்துலே ஏசிலே ஒக்காந்தா ஒனக்குத் தலை வலிக்கும்.” ஆக, அம்மாவின் அபிப்பிராயம் இரண்டுக்கும் எதிர்.

தம்பானூரில் ஆட்டோ ஓட்டும் நெல்லையப்பனையும் விடவில்லை. ஆலங்குளம் பக்கத்துக்காரர், பிழைக்க வந்து இருபது வருஷம் ஆகிறது.

“கவுன்சிலிங்னா என்ன பாப்பா?”

“மனசு கஷ்டத்தோட வரவா சொல்றதைப் பொறுமையாக் கேக்கறது அண்ணா.”

“அதத்தான நான் இருவது வருசமா மீட்டர் போட்டுப் பண்ணிட்டிருக்கேன்! ஏறி உக்காந்ததும் ஆரம்பிச்சிருவாங்க. கிழக்கே கோட்டை வர்றதுக்குள்ள அழுது முடிச்சிட்டு எறங்கிருவாங்க. இதுக்குப் படிப்பு வேற இருக்கா?”

அவள் அதையும் குறித்துக்கொண்டாள். இப்படியே தெருவில் கண்ணில் பட்ட ஒருத்தரையும் விடவில்லை.

ஆனால் மாளவிகாவுக்கு வந்த பெரிய சோதனை, அவளுக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கவுன்சலர்கள் என்பதுதான். டாக்டரிடம் போனால் மாத்திரை தருவார், வக்கீலிடம் போனால் நோட்டீஸ் அனுப்புவார். கவுன்சலரிடம் போய் ‘நான் எதில் சேரட்டும்?’ என்றால் என்ன கிடைக்கும்? அவளுக்குப் பயிற்சி கொடுத்த லிபி மேடத்தின் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு வேலையையும் அக்குவேறு ஆணிவேறாக விவரித்தாள். மேடம் இமைக்காமல் கேட்டார். தலையை ஆட்டினார். முன்னால் சாய்ந்தார். இதோ சொல்லப் போகிறார் என்று மாளவிகா பேனாவைத் திறந்தாள்.

“மாளவிகைக்கு எந்து தோன்னுன்னு?” என்றார் மேடம். அதாவது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று.

“எனக்குக் குழப்பமா இருக்கு மேடம்.”

“ஓஹோ. உனக்குக் குழப்பமா இருக்கு.”

“ஆமாம் மேடம். அதனாலே நீங்க சொன்னா…”

“நான் சொன்னா நல்லா இருக்கும்னு உனக்குத் தோணுது.”

இப்படியே இன்னும் நாற்பது நிமிஷம். இதே வித்தையைத்தான் ஆறு மாதமாகப் பிள்ளைகள் மேல் பிரயோகித்துக்கொண்டிருந்தோம், பாவம், அந்தப் பிள்ளைகள் எப்படித் தாங்கின என்று மாளவிகாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். பதினெட்டுக் கவுன்சலர்கள். ‘உன் குழப்பம் ரொம்ப இயல்பானது’ என்று ஆறு பேர் எழுதினார்கள், நாலு பேர் கட்டிப்பிடிக்கிற பொம்மை அனுப்பினார்கள், மிச்சப் பேர் இதய அடையாளம் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். அஸ்வதி ஒருத்திதான் போன் செய்து உருப்படியாகக் கேட்டாள். பஸ் எத்தனை மணிக்கு, நாலு பள்ளிக்கூடமும் எங்கெங்கே, பிள்ளைகள் எப்படி, டிரஸ்ட்டில் யாரிடம் பேச வேண்டும் என்று ஒன்று விடாமல் கேட்டாள். தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று மாளவிகாவுக்கு மனம் நிறைந்து போயிற்று. அஸ்வதியைத் தினம் கூப்பிட்டாள். மலையில் மூடுபனி இறங்குவதையும், பிள்ளைகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வதையும், தலைமையாசிரியர் தன் அறையையே காலி செய்து கொடுத்ததையும் பதினோரு தடவை சொன்னாள்.

இதற்குள் டிரஸ்ட்டுக்காரர்கள் பதிலுக்கு வைத்த கெடு முடிந்தது. இரண்டு நாள் வேண்டும் என்றாள். கொடுத்தார்கள். இன்னும் மூன்று நாள் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி, அதற்கு மேல் இல்லை.

மனிதர்கள் கைவிட்டால் தெய்வம். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம் என்று இலையில் கட்டித் தெருக்கோடிப் பிள்ளையார் முன்னால் போட்டாள். சிவப்பு வந்தால் கம்பெனி, வெள்ளை வந்தால் மலை. பக்கத்து வீட்டு ஆர்யா, நாலு வயது, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

“ஆச்சு, பிள்ளையார் சொல்லிட்டார்” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஒரு தடவை போறாதும்மா. மூணு தடவை பார்க்கணும்.”

இரண்டாவது தடவை சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை. அப்போதாவது விட்டாளா? வெள்ளைப் பொட்டலம் சற்றுப் பெரிது, குழந்தையின் கை பெரிசுக்குத்தான் போகும், ஆகவே இந்த முடிவு விஞ்ஞானப்படி செல்லாது என்றாள். குருக்கள் நடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பயிற்சியின் கடைசி நாள். மலைக்குப் போனாள். பதினோரு மணி இடைவேளையில் ஜெபமலர் வந்து எதிரே உட்கார்ந்தாள். அப்போது மாளவிகா ஒரு காரியம் செய்தாள் பாருங்கள், அவளுடைய பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் அதற்கு அனுமதி கிடையாது. தன்னிடம் உதவிக்கு வந்த பெண்ணிடமே கேட்டாள்.

“ஜெபா, ரெண்டு வேலை வந்திருக்கு. ஒண்ணு இங்கே, ஒண்ணு டவுன்லே. நீ என்ன நினைக்கறே?”

ஜெபமலர் நிமிர்ந்து, பெரிய மனுஷி மாதிரி, ரொம்பத் தெளிவாகச் சொன்னாள்.

“டவுனுக்கே போங்க மிஸ். இங்க மழ புடிச்சா பஸ்ஸே மேல வராது. நீங்க நனைஞ்சு வந்து சளி புடிச்சு எங்க கதைய எல்லாம் கேக்கணுமா?”

“அப்போ நீ?”

“எனக்கு ஒண்ணும் ஆவாது மிஸ். முன்னாடியும் பேசாமத்தான இருந்தேன்.”

சொல்லிவிட்டு எழுந்து போனாள். வாசலில் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை.

ஐம்பத்தொரு பேரிடம் கேட்டதில், தனக்கு நஷ்டம் வருகிற பதிலைச் சொன்னது இந்தப் பெண் ஒருத்திதான். இங்கேதான் வர வேண்டும், இங்கேதான் வரப் போகிறேன் என்று மாளவிகாவுக்கு உடம்பு முழுவதும் தெரிந்தது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே தெரிந்த விஷயத்துக்கு ஐம்பத்தொரு பேரைப் படுத்தியிருக்கிறோம் என்று வெட்கமாகக் கூட இருந்தது.

போனை எடுத்தாள். பொன்முடிச் சாலையில் சிக்னலாவது ஒன்றாவது! பள்ளிக்கூடத்து லேண்ட்லைன் போன மழையிலேயே செத்துப் போயிருந்தது. பன்னிரண்டரைக்குத்தான் பஸ் வந்தது. வளைவுக்கு வளைவு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, விதுரை ஊரை நெருங்கும்போது இரண்டு கோடு தெரிந்ததும் டிரஸ்ட்டைக் கூப்பிட்டாள்.

“சேருகிறேன் சார். நிச்சயமாச் சேருகிறேன்.”

அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர், குரலில் வருத்தம் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அழைத்தார்களாம், கிடைக்கவில்லையாம். காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம். அந்தப் பெண் ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டாளாம்.

அந்தப் பெண் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே. ஐந்து நிமிஷத்தில் அஸ்வதியே கூப்பிட்டாள்.

“எடீ, நீ கம்பெனிக்குப் போறேன்னுதான் நான் நினைச்சேன். நீ சொல்லிச் சொல்லி எனக்கு அந்த மலை மேலே ஆசை வந்துடுச்சு. ஸாரி கேட்டோ. பின்னெ, அந்த ஜெபமலர்னு ஒரு குட்டி, மலையாளம் பேசுமில்லே?”

“பேசும்” என்றாள் மாளவிகா. பொய் இல்லை. பேசும். எதைப் பேசும் என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல வாயெடுத்தாள்; வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்தது. போனை வைத்துவிட்டு பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அழுதாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, சில்லறை எண்ணுகிற பாவனையில் முன்னால் நகர்ந்து போனார்.

சரி, பட்டுத் தெளிந்தாள், இனிமேல் திருந்திவிடுவாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கம்பெனிக்குப் பதில் சொல்ல ஐந்து மணி வரை நேரம் இருந்தது. நெடுமங்காடு தாண்டியதும் மாளவிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். மடியில் மீன் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

“சேச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்குத்தான் எழுதியது. ஆனால் நீங்களும் போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ ஒரு காரியத்துக்காக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது உங்கள் வாயிலிருந்து ஒரு பதிலுக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், ‘பரவாயில்லை, நீங்க உங்க சௌகரியத்தைப் பாருங்க’ என்று சொன்னவர் யாராவது இருந்தாரா?

என்னது? வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறீர்களா?

சரிதான்.