பாறை பார்க்கப் போன எக்ஸ்ரே

ஒரு பாறையைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தோடு, ஒரு மனிதரின் நுரையீரலையும் படம் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பியவன் நான். உலகத்தில் வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில், ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். ஊரில் நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கர் (பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்க அலுவலகம்). நான் எழுதிய விண்ணப்பம் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை என்று கன்ரீனில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கோப்பை கழுவும் இயந்திரத்துக்குக்கூடச் சொல்லியிருப்பேன்.

கன்ரீனின் தலைமைச் சமையற்காரர் திருவாளர் குன்ஸ். ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. சிறுவயதிலிருந்தே அவருக்கு ஒரே ஆசை. அரிசோனாப் பாலைவனத்தில், நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கைக் கண்ணால் காண வேண்டும். அதன் செம்பாறைச் சுவர்களின் படம் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கும். விமானச்சீட்டும் வாங்கிவிட்டார். அதன் பிறகுதான் பயணப் புத்தகத்தில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது: பள்ளத்தாக்குக்குள் இறங்க அனுமதியும் நவஹோ வழிகாட்டியும் வேண்டும்.

"உனக்குத்தானே இங்கிலிஷ் தெரியும். ஒரு கடிதம் எழுதித் தாவன்" என்றார். (அவர் பேசியது சுவிஸ் ஜேர்மன். என் காதில் எல்லாமே யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.)

"கடிதம் மட்டும் காணாது. ஃபைல் வேணும்" என்றேன். இரண்டு வருடமாகக் கோப்பை கழுவியவன் மீண்டும் கிளாக்கர் ஆகிவிட்டேன். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அன்று மாலை அறைத்தோழர் கணேஸ் அண்ணையிடம் ஆலோசனை கேட்டேன். எனக்கு ஒரு வருடம் முன்னரே சுவிசுக்கு வந்தவர், ஆகவே எல்லாம் தெரிந்தவர்.

"அது அந்தச் சனத்தின்ரை காணியெல்லே? சும்மா விடுவினமோ? ஏன் வாறாய், எப்ப போவாய் எண்டு கேப்பினம். எக்ஸ்ரேயை மட்டும் மறந்திடாதை. அகதியெண்டு வந்த எங்களுக்கு இங்கை முதல் எடுத்தது அதுதானே, காசம் இருக்கோ எண்டு பாக்க."

மறுக்க முடியாத நியாயம். இன்னொருவர் நிலத்துக்குள் போவது எப்படி என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஒரே வழிதான்.

பாவம் குன்ஸ். அறுபத்துநாலு வயதுவரை எங்கும் போக எவரிடமும் அனுமதி கேட்டறியாத மனிதர். பிறப்புச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், பாதிரியாரின் கடிதம், முன்னும் பக்கவாட்டிலுமாக ஆறு புகைப்படங்கள் என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் "இருமல் இருக்கோ?" என்று கேட்டார்களாம். "இல்லை, பள்ளத்தாக்கு இருக்கு" என்றாராம்.

நவஹோ அலுவலகத்துக்குப் பதினொரு பக்கம் எழுதினேன். குன்ஸ் எங்கே பிறந்தார், தாய் தந்தையர் யார், சுவிசை விட்டு வெளியேற விரும்பும் காரணம் என்ன, எல்லாம் எழுதினேன். பள்ளத்தாக்கில் நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லை, திரும்பி வருவதற்கு வீடும் மனைவியும் பன்னிரண்டு முயல்களும் உண்டு என்று உறுதியும் அளித்தேன்.

வாரங்கள் ஓடின. பதில் இல்லை. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது குன்ஸ் சூப்பில் உப்புப் போட மறக்கத் தொடங்கினார். அந்த மனிதரின் வாழ்நாள் ஆசை என் பேனாவால் கெட்டுவிடுமோ என்ற யோசனையில் ஒரே கோப்பையை மூன்று தரம் கழுவினேன்.

ஒருநாள் காலை ஒன்பது மணி இடைவேளையில், கன்ரீன் நிறைய ஆட்கள் இருக்கும்போது, தடித்த பொதி ஒன்று வந்தது. பிரித்தால் நான் அனுப்பிய அத்தனையும் திரும்பி வந்திருந்தன! யாரோ எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னலில் பிடிக்க, நாற்பது தொழிலாளர்கள் குன்ஸின் நெஞ்சைப் பார்த்தபடி காலைப் பாண் துண்டைக் கடித்தார்கள். குன்ஸ் பொதிக்குள் இருந்த கடிதத்தை என் கையில் தந்து, "வாசி" என்றார்.

ஆவணங்கள் எதுவும் தேவையில்லை. வந்த அன்று பெயரைப் பதிந்துவிட்டு வழிகாட்டியோடு இறங்கலாம். அவ்வளவுதான்.

மொழிபெயர்த்தேன். சிரிப்பில் கோப்பைகள் ஆடின. கழுவும் இயந்திரத்துக்குள் நானே புகுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

குன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இதெல்லாம் கேப்பினம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. என்னட்டைக் கேட்டவை."

"ஆர்?"

"இங்கை."

சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. குன்ஸ் எக்ஸ்ரேயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப, நாங்கள்தான் கேட்டனாங்கள்" என்றார். பிறகு, "மிச்சத்தையும் வாசி."

கடிதத்தின் அடியில், அதை அனுப்பிய நவஹோ அலுவலகப் பெண்மணி கையால் எழுதியிருந்தார்: "எங்கள் நிலத்துக்குள் வர இவ்வளவு மரியாதையாக எங்களிடம் எவரும் கேட்டதில்லை. விண்ணப்பத்தை அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தோம். குன்ஸ் அவர்களுக்காக என் தம்பியே வழிகாட்டியாகக் காத்திருப்பான். இதை எழுதியவரும் ஒருநாள் வரவேண்டும்."

அதை இரண்டு தரம் மொழிபெயர்த்தேன். என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. அன்று எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். என் விண்ணப்பம் தோற்கவில்லை!

குன்ஸ் எக்ஸ்ரேயையும் கொண்டுதான் போனார். செம்பாறைச் சுவர் முன்னால் அவரும் வழிகாட்டியும் அதை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இன்றும் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் விருந்தாளி எவரும் அந்தக் கதையைக் கேட்காமல் தேநீர் குடித்ததில்லை.

போன வருடம் என் மகள், தான் கட்ட விரும்பும் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுவிசின் பாடன் நகரில் பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் ஒரு பெரிய கடித உறையை என்னிடம் நீட்டினான். என் மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

பிரித்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுரையீரல் சுத்தம்.

"உள்ளை வாரும் தம்பி" என்றேன்.