புல்லுக்கு அடியில் போன மூடி

என் அன்புக்கும், சில நாட்களாக என் வாயில் வரும் மற்ற எல்லா வார்த்தைகளுக்கும் உரிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் சகல சௌக்கியம். அங்கே நீயும், பெட்டியோடு வந்து பத்து நாளாக உன் வீட்டிலேயே இருக்கும் உன் அக்காவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். அவளை நான் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. இன்னும் ஒரு மாசம் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

"பின்கட்டுல செயற்கைப் புல் போட்டுடுங்க அத்தான். தண்ணி ஊத்த வேணாம், வெட்ட வேணாம், எப்பவும் பச்சைப் பசேல்னு இருக்கும்" என்று போனில் சொன்னாயே, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். உன் அக்கா மட்டும், "முன்கூட்டியே நல்லா யோசிச்சுப் போடுங்க" என்றாள். யாரிடம்? முப்பத்தோரு வருஷம் வடிகால் அலுவலகத்தில் பிளான் வரைந்தவனிடம்! ஊரில் எந்தத் தெருவில் எந்தச் சாக்கடை மூடி எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். ரோஷம் வந்துவிட்டது. பதினாலு பிளான் வரைந்தேன். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வழிய வேண்டும், வெயில் எத்தனை மணிக்கு எந்த மூலைக்கு வரும், நாற்காலியில் சாய்ந்தால் என் கால் எதுவரை நீளும், எல்லாம் நாலு நிற மையில். நடுவில் கிடந்ததே அந்தப் பூக்காத ரோஜாத் தொட்டி, அதற்குக் கண்மதிப்பில் ஒரு வட்டம் போட்டு, 'தேவையற்றது, அகற்றவும்' என்று எழுதினேன். தேவையில்லாததற்கு அளவு எதற்கு?

புல்லுக்காரர் தொட்டியை நகர்த்திவிட்டு, "சார், அடியில ஏதோ சிமெண்டுப் பலகை மாதிரி இருக்கே" என்றார். "பிளான்ல இருக்கா?" என்றேன். "இல்ல சார்." "அப்ப அது இல்லய்யா. போடு ஜல்லியை!" போட்டார். இடித்துக் கெட்டியாக்கினார். புல்லை விரித்துப் பசை வைத்து ஒட்டினார். அடடா, என்ன பச்சை! மத்தியானம் செருப்பில்லாமல் கால் வைத்தேன், தோசைக்கல் தோற்றது. மூன்றாம் நாள் குளியலறையில் போன தண்ணீர் திரும்பி வந்தது, தனியாக வரவில்லை. அடைப்பெடுக்க வந்தவர் முதலில் கேட்டது, "மூடி எங்க சார்?" உன் அக்கா என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள், மச்சான். "மூடி கிடைச்சா சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டாள். புல்லுக்காரரைக் கூப்பிட்டு இடம் கேட்டால், "பிளான்ல இல்லாததை நான் எப்படி சார் ஞாபகம் வச்சுக்கிறது?" என்கிறார். இதுவரை மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தாகிவிட்டது. தினமும் காலையில் துண்டும் சோப்புப் பெட்டியுமாகப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாசலில் நிற்கிறேன். மனுஷர் தங்கமானவர், ஆனால் நேற்று, "இன்னும் எத்தனை நாள் ஆகும் சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாப் பெருமையும் யோசனை சொன்ன உன்னையே சேரும்.

உன் வீட்டார் அனைவருக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு மட்டும் நேரில் வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பச்சைப் பசேலென்று இருக்கும் உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா போன் செய்தாள். மாத்திரை போட்டேனா என்று கேட்கத்தான். வெட்கத்தை விட்டு மூடியைப் பற்றிக் கேட்டேன். "பூக்காத தொட்டியைப் பத்தொன்பது வருஷமா எதுக்கு அங்கயே வச்சிருந்தேன்? மூடி எங்கன்னு தெரியணும்ல. ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றாள். கேட்டதில்லை, மச்சான். "சமையலறை வாசல்லேர்ந்து நேரா பதினோரு காலடி" என்றாள். நடந்தேன், வெட்டினேன், வெறும் ஜல்லி. மறுபடி கூப்பிட்டுச் சொன்னால், "உங்க காலடி இல்லீங்க, என் காலடி" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. எனக்கு இங்கே ஒரு சௌக்கியமும் இல்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே அவளை ஏற்றி அனுப்பு. தொட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். அவள் வந்து நடக்கட்டும்; பின்னாலேயே போய் நான் பிளான் வரைந்துகொள்கிறேன்.