தலைதீபாவளி ஹீட்டர்

புது ஹீட்டர் சொட்டிக்கொண்டிருந்தது. விடிந்தால் தீபாவளி.

"என்னங்க, பாத்ரூம்ல ஆனைக்குட்டம் டேம் கட்டப் போறீகளா? அம்புட்டுத் தண்ணி நிக்குது!" என்றாள் சண்முகத்தாய்.

சங்கரபாண்டியன் நிமிரவில்லை. ஹீட்டரோடு வந்த விளக்கப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் போர்மேன். பாதுகாப்பு விதி எதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். கேட்காவிட்டாலும் ஒப்பிப்பார்.

மகள் வேல்விழிக்கு இது தலைதீபாவளி. மாப்பிள்ளை செல்வக்குமார் கோயம்புத்தூர்க்காரர். கல்யாணப் பந்தியிலேயே சம்பந்தியம்மாள், "எங்க பையனுக்குப் பச்சத்தண்ணி ஆகாதுங்க. உங்க ஊருல ஹீட்டரெல்லாம் இருக்குதுங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

"அப்பா, இந்த ஒரு குளியல் ஒழுங்கா நடக்கலைன்னா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாக" என்று வேல்விழி போனில் அழுதே விட்டாள். அதற்காக வாங்கிய ஹீட்டர்தான் இப்போது சொட்டியது.

"இந்தா போட்டிருக்கான். பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டுவது இயல்பு. வால்வை அடைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும்" என்று வாசித்தவர் சட்டென்று எழுந்துவிட்டார். "வெடிக்குமா? அப்ப இது நம்ம டிபார்ட்மெண்டு!"

சண்முகத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வால்விலிருந்து வரும் நீரைக் குழாய் வழியாகக் கீழே வடியவிட வேண்டும் என்றது அடுத்த வரி. கீழே என்றால் எங்கே என்று சொல்லவில்லை. சங்கரபாண்டியன் ஒரு ஹோஸ் துண்டை மாட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டார்.

ஐந்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி குரல் கொடுத்தாள். "அண்ணாச்சி, சாயந்தரம் பூரா குனிஞ்சு போட்ட கோலம்! மயிலுக்குத் தோகையே இல்லாமப் போச்சு, வந்து பாருங்க!"

ஹோஸை உள்ளே இழுத்து நடைப்பக்கம் திருப்பினார். அங்கே மாப்பிள்ளைக்கென்று அவரே கம்பெனியில் பொறுக்கி எடுத்துவந்த பட்டாசுப் பெட்டி இருந்தது. அவர் அதைக் கவனித்தபோது சங்குசக்கரமெல்லாம் ஊறிப்போயிருந்தது. பட்டாசு போர்மேன் வீட்டில் தலைதீபாவளிக்கு நமுத்த பட்டாசு! வெளியே சொன்னால் அடுத்த சீசன் வரைக்கும் சிரிப்பார்கள்.

கடைசியில் வால்வுக்கு அடியில் ஒரு வாளியை வைத்தார். அதை முதலிலேயே வைத்திருக்கலாம் என்று சண்முகத்தாய் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர் அப்போது கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் வெடிமருந்து அறைக்கு என்னென்ன விதியோ அத்தனையும் குளியலறைக்கு வந்தது. வாசலில் மணல் வாளி. சுவரில் செம்புத் தகடு. உள்பக்கம் திறந்த கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாறியது.

"அப்பா, தாழ்ப்பாள் எங்க?" என்றாள் அன்றிரவு மாப்பிள்ளையோடு வந்து இறங்கிய வேல்விழி.

"மருந்து ரூமுக்கு உள்தாழ்ப்பாள் ஆகாது பாப்பா. ஆபத்துன்னா ஆளு ஒரே தள்ளுல வெளிய வந்துறணும்."

"எந்தக் கோலத்துலப்பா வருவாக?"

சங்கரபாண்டியன் அதற்கும் விதி தேடிப் புத்தகத்தைப் புரட்டினார்.

இரவெல்லாம் மழை கொட்டியது. விடியும்போது சங்கரபாண்டியன் குளித்தாரோ இல்லையோ, ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காவல் நின்றார். புத்தகத்தை இன்னொரு தடவை புரட்டினார். சிவப்பு விளக்கு அணைந்தால் தண்ணீர் சூடாகிவிட்டது என்று பொருள் என்றிருந்தது. எட்டிப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது.

"ரெடி! மாப்ள, வாங்க."

தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய வந்தார் செல்வக்குமார். அதற்கு முன்பே வேல்விழி அவரைத் தனியாக அழைத்துக் கெஞ்சியிருந்தாள். "எங்கப்பா என்ன செஞ்சாலும் நல்லாருக்குன்னு சொல்லிருங்க. உங்களுக்காக ஒரு வாரமா அலையுதாரு."

"மோதிரம், செயின் கழட்டிருங்க மாப்ள" என்றார் சங்கரபாண்டியன். "இந்தச் செம்புத் தகட்டை ஒரு தடவ தொட்டுக்கோங்க. ஒடம்புல இருக்குற கரண்டு எறங்கிரும்."

"குளிக்கத்தானுங்க மாமா போறேன்?"

"அப்பிடித்தான் எல்லாரும் நெனைப்பாக. நான் கதவுகிட்டயே நிக்கேன். பயப்படாம போங்க."

செல்வக்குமார் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மறு நொடி, "அய்யோ அம்மா!" என்று ஓர் அலறல்.

சங்கரபாண்டியன் மணல் வாளியைத் தூக்கிவிட்டார்.

"என்ன மாப்ள? சூடு அதிகமா?"

 உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஆ... ஆமாங்க மாமா. நல்ல சூடுங்க."

"ஏட்டி, மாப்ளைக்குத் தோலு வெந்துரப் போகுது! ஃபிரிட்ஜுல இருக்குற தண்ணியப் பூரா எடுத்தா!"

"வேண்டாமுங்க மாமா! இதுவே போதுமுங்க!"

"கூச்சப்படாதீக. இது உங்க வீடு மாதிரி."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவிடுக்கு வழியாக ஐஸ் தண்ணீர் வாளியை உள்ளே நகர்த்தினார். "தலையில ஊத்துங்க மாப்ள. ஊத்துற சத்தம் எனக்குக் கேக்கணும்."

சத்தம் கேட்டது. அதைவிடப் பெரிய அலறலும் கேட்டது.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"சரி... சரியா இருக்குங்க மாமா."

செல்வக்குமார் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. வேல்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க வீட்டு ஹீட்டர்ல இந்தச் சூடு வராதுங்க மாமா. அம்மாகிட்ட இப்பவே போன் போட்டுச் சொல்லிர்றேன்" என்று சொல்லி, ஈர விரலால் நம்பரைத் தட்டி, சொல்லியும் விட்டார்.

வேல்விழிக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கரபாண்டியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மணல் வாளியைக் கீழே வைத்துவிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தார். விதிப்படி நடந்தால் எதுவும் தப்பாகாது என்று அதற்கு அர்த்தம்.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. எலெக்ட்ரீசியன் காளீஸ்வரன் தோளில் ஒயர் சுருளோடு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"கோவிச்சுக்காதீக அண்ணாச்சி, நேத்து ஒயர் பத்தாம வெறும் சுவிட்சை மட்டும் மாட்டிட்டுப் போயிட்டேன். மாப்ள குளிக்கிறதுக்குள்ள ஹீட்டருக்குக் கரண்டு குடுத்திருவமா?"