பூசணிக்காய் கட்டிய கால்

அந்த ஆயுத பூஜை அன்று சரியாக மாலை ஐந்து நாற்பதுக்கு என் புத்தி வேலை செய்வதை நிறுத்தியது. (அதற்கு முன் வேலை செய்துகொண்டிருந்ததா என்று என் மனைவி சரோஜா கேட்பாள். கேட்கட்டும்.) நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அது என் மகள் உஷாவின் பயிற்சி நேரம்.

உஷாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் மூட்டுகள் எல்லாம் அளவுக்கு மேல் வளையும். கட்டைவிரலை மடக்கினால் மணிக்கட்டில் போய்ப் படுக்கும். நின்றால் முழங்கால் வில் மாதிரி பின்பக்கம் போகும். தெருவே 'ரப்பர் பொண்ணு' என்று கைதட்டியது, அவளும் வளைத்துக் காட்டினாள். ஒருநாள் துணி காயப்போடும்போது தோள்பட்டை நழுவியது. அதோடு கைதட்டல் நின்றது.

சென்னை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மா ஒருவர் பார்த்தார். "பிறவி வாகு. மூட்டை மாத்த முடியாது, சுத்தியிருக்கிற தசையைப் பலமாக்கலாம். வளைச்சுக் காட்டுற வித்தை இனிமே வேணாம். ஆறு வாரம் ஒருநாள் விடாம பயிற்சி செஞ்சிட்டு வாங்க. சைக்கிள் விடலாமான்னு அப்புறம் பார்ப்போம்."

சைக்கிள்தான் விஷயம். படப்பையில் அவள் தோழிகள் எல்லாரும் சைக்கிளில் பள்ளிக்குப் போனார்கள். அவள் மட்டும் என் கேரியரில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். நான் தெரு முழுக்க, "கெட்டியா புடிச்சுக்கோ" என்று கூவிக்கொண்டே மிதிப்பேன்.

பயிற்சி எளிதுதான். பெஞ்சில் உட்கார்ந்து, கணுக்காலில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டி, காலை மெதுவாகத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். முடிந்ததும் காலண்டரில் டிக். நாற்பத்தொரு டிக் ஆகியிருந்தது. அன்றோடு ஆறு வாரம்.

நான் ஒரகடம் சாலையில் ஒரு போல்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆயுத பூஜைக்கு லேத்திலிருந்து ஸ்பேனர் வரை பொட்டு வைப்பதும், மறுநாள் காலை வரை அவற்றை யாரும் தொடாமல் காப்பதும் என் பொறுப்பு. அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து தையல் மெஷின், அரிவாள்மணை, அம்மிக் குழவி, உஷாவின் மணல் பை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிறகு திருப்தியாக, கத்திரிக்காய் சாம்பாரை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். ஐந்து நாற்பதுக்கு உஷா வந்து எழுப்பினாள்.

"அப்பா, மணல் பை?"

"அது நாளைக்குத்தாம்மா. பூஜையில வச்சதைத் தொடக்கூடாது."

"இன்னிக்கு விட்டா முதல்லேர்ந்து எண்ணணும்பா. சைக்கிள் போச்சு."

அவள் குரல் உடைந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கனமான எதுவும் பொட்டில்லாமல் இல்லை, ஒரு பூசணிக்காயைத் தவிர. திருஷ்டி சுற்றி வாசலில் உடைப்பதற்காக, உள்ளே குங்குமம் அடைத்துத் தயாராக வைத்திருந்தோம்.

"அது நாலு கிலோ இருக்கும்பா."

"இரு, நான் முதல்ல கட்டிப் பார்க்கிறேன்." (அக்கறையுள்ள தகப்பனாம்.) துண்டால் பூசணிக்காயை என் காலோடு கட்டினேன். "நீ எண்ணு."

"ஒண்ணு... ரெண்டு... கால் நடுங்குது, எறக்குங்கப்பா."

"எண்ணு நீ."

ஏழில் இடுப்பில் ஏதோ சொடுக்கியது. பெஞ்ச் கவிழ்ந்தது. நான் மல்லாக்க விழ, என் பக்கத்தில் பூசணிக்காய் வெடித்தது. முகமெல்லாம் குங்குமம், காதுக்குள் விதை.

உஷா குனிந்தாள். எனக்கு உயிரே போயிற்று. "தூக்காதம்மா, தோள் கழண்டுடும்."

"நான் ஏன் தூக்கறேன்? முட்டியை மடிங்க. ஒருக்களிச்சுப் படுங்க. மூச்சை அடக்காதீங்க. இப்போ கையை ஊணி எழுந்திருங்க." அப்படியே அந்த ஆஸ்பத்திரி அம்மாவின் குரல். "அவசரம் வேணாம். நீங்க பேசாம இருந்தாலே பாதி வலி போயிடும்."

கையூன்றித் தவழும் நிலைக்கு வந்தேன். அந்த உயரத்தில் என் கண்ணுக்கு எதிரே இருந்தவை அவள் முழங்கால்கள். வில்லைக் காணோம். இரண்டும் நேராக, ஆடாமல் நின்றன. நாற்பத்தொரு நாள் டிக் போட்டேனே தவிர, அந்தக் கால்களை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் சைக்கிளுக்கு அனுமதி கிடைத்தது. பயிற்சி இன்றுவரை நிற்கவில்லை. மாலையில் அவள் சைக்கிள் மணி கேட்கும்வரை நான் இன்னும் வாசலிலேயேதான் நிற்பேன். 'இரு, நான் முதல்ல பார்க்கிறேன்' என்று எதற்காவது வாய் திறந்தால், "பூசணிக்காய் கொண்டு வரட்டாப்பா?" என்பாள்.

ஆனால் அன்றைக்கு, நான் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டுக்குப் பொரி கொடுக்கப் போன சரோஜா திரும்பி வந்தாள். குங்குமத்தைப் பார்த்து ஒரு நொடி வெளிறினாள். உஷா விஷயத்தைச் சொன்னதும் நேராகப் போய்ச் சாமி படத்தின் முன்னாலிருந்து மணல் பையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"என் அரிவாமணைக்குந்தான் பொட்டு வச்சீங்க. மத்தியானம் ரெண்டு வாட்டி வாங்கித் துன்னீங்களே சாம்பாரு, அந்தக் கத்திரிக்காய நான் இன்னா, பல்லாலயா நறுக்குனேன்? நீ கட்டிக்கினு எண்ணும்மா."